கயிறு மாறும் நேரம்

தமிழர்கள் அதிகம் கேள்விப்பட்ட குதிரைக் கொள்முதல் திருவாதவூரருடையது. அரிமர்த்தன பாண்டியன் கருவூலத்தைத் திறந்து பொன்னைக் கொடுத்து, கீழைக் கடற்கரையில் வந்திறங்கியிருக்கும் குதிரைகளை வாங்கிவரச் சொல்லி அமைச்சரை அனுப்புகிறான். அவர் திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, குதிரைப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டிவருகிறார். பாண்டியன் மகிழ்ந்துபோகிறான். இரவில் பரிகள் மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிடுகின்றன.

இந்தக் கதையின் பக்திப் பொருளைப் பேச எனக்குத் தகுதி போதாது. ஆனால் பரஞ்சோதி முனிவர் அதைச் சொல்லும் விதத்தில் வியாபாரம் தெரிந்தவரின் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. வணிகராக வந்தவர் முதலில் அரசன் முன்னால் குதிரைகளின் இலக்கணத்தை விரிவாக எடுத்துச் சொல்கிறார். நிறம், சுழி, நடை, பிறந்த தேசம் எல்லாம் வருகின்றன. அதன் பிறகு கயிறு மாறிக் கொடுக்கிறார். விற்பவன் கையிலிருக்கும் கயிறு வாங்குபவன் கைக்குப் போய்விட்டால் விலை முடிந்தது. அதற்கு மேல் அது குதிரையா நரியா என்பது விற்றவனின் கவலை இல்லை. அன்றிரவு விஷயம் வெளிப்பட்டதும் பாண்டியன் குதிரை வணிகரைத் தேடி ஆள் விடவில்லை. இடையில் இருந்த அமைச்சரைப் பிடித்து வைகை மணலில் நிறுத்தி வதைத்தான். தரகர் உதைபடுவது இந்த மண்ணில் அவ்வளவு பழைய வழக்கம்.

குதிரை வாங்குவதைப் பற்றி யார் பேசினாலும் இனத்தில்தான் தொடங்குகிறார்கள். மார்வாரி நல்லதா, கத்தியவாரி நல்லதா, நுக்ரா கிடைக்குமா, ரேஸில் ஓடிக் கழிந்ததை வாங்கலாமா என்று. எனக்கு என்னவோ கயிறு மாறும் அந்த ஒரு கணம்தான் முழு விஷயமும் என்று படுகிறது. அந்தக் கணத்தில் நஷ்டம் யார் தலைக்கு மாறுகிறது என்பதை மறைக்கும் திரையாகவே இனத்தின் பெயர் பெரும்பாலும் பயன்படுகிறது.

தமிழ்நாடு குதிரையை வாங்கிப் பழகிய நாடு. வளர்த்துப் பழகிய நாடு அல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்திருந்த செல்வங்களைச் சொல்லவரும் பட்டினப்பாலை, கடல் வழி வந்த குதிரைகளைத்தான் முதலில் சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வந்துபோகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் பாண்டியர்களோ குதிரைக்காகக் கருவூலத்தையே கொட்டினார்கள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இதற்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவிலுள்ள கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் தன் சொந்தப் பண்ணையிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதாக ஒப்பந்தம். மற்ற துறைமுகங்களிலிருந்து வருவதையும் சேர்த்தால் இங்குள்ள துறைகளில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இறங்கின என்கிறார். ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனைதான் முக்கியம்: கடலில் வரும்போது குதிரைக்கு அடிபட்டாலும், இறந்தே போனாலும், அதன் விலையைப் பாண்டியனின் கருவூலம் கொடுத்துவிட வேண்டும்.

அதாவது கயிறு கைக்கு வருவதற்கு முன்பே நஷ்டம் வாங்குபவனுடையதாகிவிட்டது.

இரண்டு நூற்றாண்டு கழித்து விஜயநகரத்தில் இதே கதை இன்னும் விசித்திரமாக நடந்தது. 1530களில் அங்கே இருந்த போர்த்துக்கீசியர் பெர்னாவ் நூனிஸ், தானே குதிரை வியாபாரி. அதனால் அரண்மனை அலங்காரத்தைவிட விலை விவரங்களைக் கவனமாக எழுதியிருக்கிறார். அவருக்கு முன்பு அங்கே ஆண்ட சாளுவ நரசிம்மன் ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் வரும் குதிரைகளை மூன்றுக்கு ஆயிரம் பர்தாவ் பொற்காசு என்று உயிரோடும் பிணமாகவும் எடுத்துக்கொண்டானாம். கடலில் செத்த குதிரைக்கு வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலையும் கிடைக்கும். தென்னிந்தியக் குதிரை வியாபாரத்தை ஒரே காட்சியில் காட்டு என்று யாராவது கேட்டால், ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகளை நான் காட்டமாட்டேன். அரசாங்கக் கணக்கர் முன்னால் வாலை எண்ணிக்கொண்டிருக்கும் அந்த வியாபாரியைத்தான் காட்டுவேன்.

வந்து சேர்ந்தவையாவது பிழைத்தனவா? மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தபோது, ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்குகிற அரசனிடம் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதுகிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரை விற்பவர்களும் அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடுவதில்லை, குதிரைகள் சாவது அவர்களுக்கு ஆதாயம் என்கிறார். இங்கே நல்ல பெட்டையையும் நல்ல பொலிக்குதிரையையும் சேர்த்தாலும் கால் வளைந்த, எதற்கும் உதவாத குட்டிதான் பிறக்கிறது என்று வேறு சொல்கிறார். தீனி என்ன என்றால் வேகவைத்த அரிசியும் இறைச்சியும். வஸ்ஸாபின் பட்டியலில் நெய்யில் வதக்கிய தானியமும் காய்ச்சிய பசும்பாலும் வருகின்றன.

இருவருமே வெளியூர்க்காரர்கள், மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் தீனி விஷயத்தில் எனக்கு ஒரு ஊகம் உண்டு. குதிரைக்குத் தவிடும் தானியமும் அதிகமாகப் போனால் உடம்பில் பாஸ்பரஸ் கூடி, சுண்ணாம்புச் சத்து எலும்பிலிருந்தே உருவப்படும். எலும்பு நொய்ந்துபோகும், முகம் வீங்கும், நடை நொண்டும். மாவு அரைப்பவர்கள் மலிவாகக் கிடைக்கும் தவிட்டையே போட்டு வளர்த்த குதிரைகளுக்கு வந்ததால் ஐரோப்பாவில் இதற்கு ஆலைக்காரர் குதிரை நோய் என்றே பெயர் இருந்தது. இன்றைக்கு நம் ஊரில் மாட்டுக்குப் போடும் வீரிய நேப்பியர் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது. மாட்டின் முதல் வயிறு அதை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். குதிரைக்கு ஒற்றை வயிறு. அந்த ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாடு வளர்த்த அனுபவத்தில் குதிரை வாங்குகிற கொங்குநாட்டு விவசாயி பாசத்தோடு கொடுக்கும் இரண்டு தீனியுமே, தவிடும் நேப்பியரும், அளவு மீறினால் குதிரைக்கு ஆகாதவை. பாண்டியன் லாயத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும். பாசம் குறைந்து அந்தக் குதிரைகள் செத்திருக்காது.

சரி, இன்றைக்கு ஒருவர் உள்ளூரிலேயே ஒரு மார்வாரிக் குதிரை வாங்க வேண்டுமென்றால் எங்கே போவது? தெரிந்தவர்கள் சொல்வது அந்தியூர். ஈரோடு மாவட்டத்தில், அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவோடு கூடும் சந்தை அது. திப்பு சுல்தான் படைக்கு இங்கே குதிரை வாங்கினான் என்று ஊரில் சொல்வார்கள். சந்தைக்கு அந்தப் பெருமை தேவை, இருந்துவிட்டுப் போகட்டும். பர்கூர் மலை மாடுகளும் காங்கேயம் காளைகளும் ஒரு பக்கம், குதிரைகள் இன்னொரு பக்கம். ராஜஸ்தான், குஜராத், மகாராஷ்டிரத்திலிருந்து லாரியில் வந்திறங்கியவையும், கர்நாடகம், கேரளத்திலிருந்து வந்தவையும், தமிழ்நாட்டுக்குள்ளேயே நாலு கை மாறியவையும் கலந்து நிற்கும். மேளத்துக்குக் கால் தூக்கி ஆடும் நாட்டியக் குதிரையைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். எனக்கு அந்த ஆட்டம் பிடிப்பதில்லை. அதைக் கற்றுக்கொடுக்க என்னென்ன செய்திருப்பார்கள் என்ற யோசனை வந்துவிடுகிறது.

“சுழி சுத்தமுங்க. பல்ல நீங்களே புடிச்சுப் பாருங்க. காதப் பாருங்க, ரெண்டும் முட்டிக்கிதா? அசல் மார்வாரிங்க.”

இந்த நான்கு வாக்கியங்களில் முழு வியாபாரமும் அடங்கிவிடும். குதிரையைக் கொண்டுவந்த மார்வாட்காரருக்குத் தமிழ் தெரியாது, வாங்க வந்தவருக்கு இந்தி தெரியாது. தரகர் இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரிப்பார். துண்டைப் போர்த்தி விரலைப் பிடித்துப் பேசும் பேரம் மாட்டுச் சந்தையில் இருப்பதுபோல் இங்கும் உண்டு. உயரத்தை மட்டும் எல்லோரும் இஞ்சில்தான் சொல்வார்கள். அறுபது இஞ்ச், அறுபத்திரண்டு இஞ்ச் என்று ஏற ஏற விலை லட்சத்தில் ஏறும்.

தரகர் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். சுழி என்பது மயிர் வளரும் திசை மாறும் இடம். நம் ஊர் மாட்டுச் சுழி சாத்திரம்போலவே மார்வாரிலும் ஒன்று உண்டு. கழுத்தில் நீளமாக ஓடும் சுழி தேவமன், யோகம். கண்ணுக்குக் கீழே இருக்கும் சுழி ஆகாது. கறுப்புக் குதிரை சாவின் நிறம். நெற்றியிலும் நான்கு கால்களிலும் வெள்ளை இருந்தால் பஞ்சகல்யாணி, விலை கூடும். குதிரையின் ஓட்டத்துக்கோ ஆயுளுக்கோ இவற்றால் எதுவும் ஆவதில்லை. ஆனால் திரும்ப விற்கப் போனால் ஆகிறது. அடுத்தவரும் சுழி பார்ப்பவராகவே இருப்பார். நம்பாதவர்களும் சுழிக்கு விலை கொடுக்க வேண்டியிருப்பது இதனால்தான். சந்தையில் நாத்திகம் நஷ்டத்தில் முடியும்.

பல் ஓரளவு நம்பகமான சாட்சி. முன்வாய்ப் பால்பற்கள் இரண்டரை வயது, மூன்றரை, நாலரை என்று ஜோடி ஜோடியாக விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதுவரைக்கும் ஏமாற்றுவது கடினம். அதன் பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் வயது சொல்ல வேண்டும். பத்து வயதை ஒட்டி மேல்வாய் ஓரப்பல்லில் ஒரு பள்ளம் ஈறோரம் தொடங்கிக் கீழிறங்கும், இருபதில் பல்லின் முழு நீளத்துக்கும் வந்துவிடும். எட்டு வயது என்று விற்கப்படும் குதிரையின் ஓரப்பல்லில் பாதிப் பள்ளம் இருந்தால் அதற்குப் பதினைந்து. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லை.

காது விஷயம் வேறு. மார்வாரி, கத்தியவாரி இரண்டுக்கும் காது உள்நோக்கி வளைந்து நுனிகள் ஒன்றையொன்று தொடும். உலகில் வேறு எந்தக் குதிரைக்கும் இந்த அழகு இப்படி இல்லை. கத்தியவாரி சற்றுக் குட்டை, முகம் நடுவில் குழிந்திருக்கும். மார்வாரி கொஞ்சம் உயரம், ரேவால் என்கிற, சவாரிக்காரரைக் குலுக்காத ஒரு நடை சில குதிரைகளுக்குப் பிறவியிலேயே இருக்கும். இரண்டும் வறண்ட நிலத்துக்காரர்கள். அங்கே ஜாகீர்தார்களின் நிலங்கள் போனபோது குதிரைகளும் போயின. காயடிக்கப்பட்டன, சுமை இழுத்தன, சுடப்பட்டன. ஜோத்பூர் மகாராஜா உமைத் சிங் 1930களில் திரட்டிய நல்ல குதிரைகளும், பிறகு அவர் பேரன் கஜ் சிங் காட்டிய அக்கறையும் இல்லாவிட்டால் அந்தியூரில் இன்று காது பார்க்க எதுவும் இருந்திருக்காது. மார்வாரிக்கு முறையான பதிவு 2009இல்தான் தொடங்கியது. பதிவுச் சீட்டும், தோலுக்கடியில் சிப்பும், தாய் தந்தை பெயரும் உள்ள குதிரை ஒன்று. காது மட்டும் உள்ள குதிரை வேறொன்று. சந்தையில் கயிறு மாறுபவற்றில் இரண்டாவது வகை தாராளமாக உண்டு. அது தவறில்லை. இரண்டாவதற்கு முதலாவதன் விலையைக் கொடுப்பதுதான் தவறு.

இனச் சுத்தத்தைப் பற்றிய இந்தப் பேச்சு எனக்கு எப்போதும் கொஞ்சம் குமட்டலைத் தருவது. தாய்வழி, தந்தைவழி, கலப்பில்லை, எங்கள் ஊர் ரத்தம் என்று குதிரைத் தரகர் அடுக்குவதைக் கேட்டால் கல்யாணத் தரகர் நினைவுக்கு வருகிறார். நினைவுக்கு வருவதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கத்தியவாரிக் குதிரையின் பெயரே கத்தியவார் என்ற நிலப்பகுதியிலிருந்து வந்தது. காத்தி தர்பார்கள் ஆண்ட மண். அங்கே, பாவ்நகர் மாவட்டத்தில், 2018 மார்ச் கடைசியில் ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் சில மாதங்களுக்கு முன் ஒரு குதிரை வாங்கியிருந்தார். அவர் குதிரையில் போவதை ஊரின் ஆதிக்க சாதிக்காரர்கள் பொறுக்கவில்லை, குதிரையை விற்றுவிடு என்று மிரட்டிவந்தார்கள் என்று தந்தை போலீசில் புகார் கொடுத்தார். தலித் மணமகன் குதிரையில் ஊர்வலம் போகப் போலீஸ் பாதுகாப்புக் கேட்கிற செய்திகள் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வருடந்தோறும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

ஆக, ஒரு இனத்தை அதன் சொந்த ஊரிலேயே போய் வாங்குவதுதான் உத்தமம் என்று குதிரைப் பிரியர்கள் சொல்லும்போது, யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தியூரில் பணம் இருப்பவர் எவரும் கயிற்றைப் பிடிக்கலாம். நமக்குக் குதிரைப் பரம்பரை இல்லாததில் கிடைத்த ஒரே நன்மை அதுவாக இருக்கலாம். அதற்காக மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. நம் ஊரில் சாதியைக் காட்டும் அந்த வேலையைச் செய்யப் புல்லட் பைக்கும் தெருவும் இருக்கின்றன.

வாங்குவதை விட்டுவிட்டு வாடகைக்கு எடுப்பதற்கு வருகிறேன். நம் ஊரில் பெரும்பாலோர் குதிரை ஏறுவது வாடகையில்தான்: மெரினா மணலில், கொடைக்கானல் ஏரிக்கரையில், ஊட்டியில், கல்யாண ஊர்வலத்தில். இவை மணிக்கணக்கு வாடகை, இதில் குதிரையின் நஷ்டம் முழுக்க உடைமைக்காரருடையது. மழைக்காலத்தில் சவாரி இல்லாதபோதும் கொள்ளுக்கு அவர்தான் வழி தேட வேண்டும். மறு எல்லையில் ரேஸ் உலகம் இருக்கிறது. அங்கே குத்தகை என்பது முறையான எழுத்து. குதிரைப் பண்ணைக்காரர் ஒரு பெட்டையைக் குத்தகைக்கு விடுவார். எடுப்பவர் பயிற்சிச் செலவைப் பார்த்துக்கொள்வார், ஜெயித்தால் பரிசில் பங்கு கொடுப்பார், ஓட்டக் காலம் முடிந்ததும் பெட்டை பண்ணைக்கே திரும்பிக் குட்டி போடும். கிண்டி மைதானமே 99 ஆண்டுக் குத்தகையில் இருந்த அரசு நிலம்தான். சுமார் 160 ஏக்கர். 2024 செப்டம்பரில் அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது, வழக்கும் நடந்தது. குத்தகைக் குதிரைகள் குத்தகை நிலத்தில் ஓடியிருக்கின்றன.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதற்குத்தான் நான் ஆதரவு. நாட்டுப்புறத்தில் ஆட்டையும் கன்றையும் வாரத்துக்கு விடுவார்கள். வளர்ப்பவர் ஒருவர், உடைமை இன்னொருவர், ஈன்றதில் ஆளுக்குப் பாதி. குதிரைக்கும் இது பொருந்தும். மாத வாடகை பேசி, குதிரையை அதன் பழைய லாயத்திலேயே விட்டுவைத்து, வாரத்தில் சில நாள் நாம் போய் ஏறிப் பழகலாம். ஆறு மாதம் கழித்துப் பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம். மேல்நாடுகளில் இது சாதாரணம். இங்கும் சவாரிப் பள்ளிகள் உள்ள ஊர்களில் கேட்டால் சம்மதிப்பவர்கள் உண்டு. சந்தையில் கயிறு ஒரே நொடியில் மாறுகிறது. இந்த ஏற்பாட்டில் அது மாற ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் குதிரையின் குணம் தெரிந்துவிடும். குணம் தெரிந்துதான் கடவுள் அதற்குக் கொம்பு வைக்கவில்லை என்று பழமொழி இருக்கிறது. கொம்பில்லாமலே அது என்னென்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சந்தைப் பகல் போதாது. சந்தைக் கூட்டத்தில் சாதுவாக நிற்கும் குதிரை ஊசியால்கூட சாதுவாகியிருக்கலாம். நொண்டாமல் நடப்பது வலி மருந்தின் தயவாக இருக்கலாம். உலகம் முழுக்கக் குதிரைச் சந்தைகளில் கையாளும் வித்தைகள் இவை. நம் சந்தை மட்டும் புனிதமாக இருக்கக் காரணம் ஒன்றும் இல்லை.

வாடகை என்றால் எழுத்தில் என்ன இருக்க வேண்டும்? ஜமாலுத்தீனின் ஒப்பந்தத்தில் இருந்ததேதான்: குதிரைக்கு ஏதாவது ஆனால் யார் கொடுப்பது. வயிற்றுவலி வந்தால் மருத்துவருக்கு யார் பணம்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் முடிந்துவிடும், யாரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இராது. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவி லாடம் மாற்ற வேண்டும். அந்தச் செலவு யாருடையது? பெட்டை சினையானால் பதினோரு மாதம் கழித்துப் பிறக்கும் குட்டி யாருக்கு? செத்துப்போனால்? பேசுவதற்குச் சங்கடமான கேள்விகள்தான். பாண்டியன் பேசியிருந்தால் கருவூலம் மிஞ்சியிருக்கும்.

நோயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இது இனத்தைவிட முக்கியமானது. கிளாண்டர்ஸ் என்று ஒன்று குதிரைக்கும் கழுதைக்கும் வரும், மனிதருக்கும் ஒட்டும். தடுப்பூசி இல்லை. உறுதியானால் 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி குதிரையைக் கொன்று புதைக்க வேண்டும். இழப்பீடு உண்டு, லட்சத்தில் கொடுத்து வாங்கியவருக்கு அது ஆறுதலாக இராது. பல மாநிலக் குதிரைகள் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கிற சந்தைதான் அது பரவத் தோதான இடம். ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கான தலைமை இடம். ஈக்கடியால் பரவும் சர்ரா காய்ச்சல் வேறு நம் மழைக்காலத்தில் காத்திருக்கும். காது முட்டுகிறதா என்று பார்க்கக் குனிகிற அத்தனை பேரில் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்பவர் அபூர்வம். கேட்டால் தரகர் முகம் மாறும். அந்த முகமாற்றமும் ஒரு தகவல்தான்.

செலவையும் பேசிவிடலாம். முந்நூற்றைம்பது நானூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் ஏழெட்டுக் கிலோ தீவனம், அதில் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். தண்ணீர் இருபது முப்பது லிட்டர் வேண்டும், வெயிலில் இன்னும் அதிகம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து வருடம் இருக்கும். ஐந்து வயதில் வாங்கினால், உங்கள் பிள்ளை பள்ளி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகும் அது தொழுவத்தில் தீனிக்குக் கனைத்துக்கொண்டிருக்கும். அந்தியூரில் வருடாவருடம் கை மாறி வரும் குதிரைகளில் பல, இந்தக் கணக்கைப் போடாதவர்கள் திருப்பி விற்றவை. ஓட்டம் முடிந்து மலிவாகக் கிடைக்கும் ரேஸ் குதிரைகளுக்கும் இதே கதை. அழகைப் பார்த்து வாங்கி, மெல்லிய குளம்போடு தார் ரோட்டில் ஊர்வலம் விட்டு, இரண்டு வருடத்தில் நொண்டியாக்கிக் கை கழுவுகிறார்கள்.

எனவே, மார்வாரி வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு நான் சொல்வது சின்ன விஷயம்தான். முதலில் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ குதிரை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் இருக்கிறாரா, லாடம் அடிப்பவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இரண்டு பேரில் ஒருவர் இல்லை என்றாலும் அந்த ஊருக்குக் குதிரை வேண்டாம். இருவரும் இருந்தால் ஆறு மாதம் வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள், எந்த இனமாக இருந்தாலும் சரி. அதற்குப் பிறகு ஆடி மாதத்தில் அந்தியூருக்குப் போகும்போது மருத்துவரையும் கூடவே அழைத்துப் போங்கள். குதிரையைக் கெட்டித் தரையில் நேராகவும் வட்டமாகவும் ஓடவிட்டுப் பாருங்கள், நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள், பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கிப் படியுங்கள். காதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.